கரண்ட் பில் குறைய என்ன செய்யலாம்? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கும்பகோணம்): சென்ற முறையைவிடப் பத்து யூனிட்தான் கூடுதலாக ஓடியிருக்கிறது. ஆனால் கட்டணம் முந்நூறு ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. ரீடிங் எடுத்தவர் தவறாக எழுதியிருப்பாரோ?

பதில்: ரீடிங் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் 500 யூனிட் எல்லையைத் தாண்டியிருக்கிறீர்கள். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குச் சலுகை விலையும் கிடைக்கும். ஒரு யூனிட் கூடினாலும் அந்தச் சலுகை முழுவதும் போய்விடும். 500-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு விலையும் அதிகம். 2022 செப்டம்பரில் அறிவித்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். அதன் பிறகு விலைகள் மாறியிருந்தாலும், தாண்டினால் சலுகை போய்விடும் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது. இந்த முறை நியாயமானதா என்று கேட்டால் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனாலும் கணக்கெடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் ஆனதும் மீட்டரை நீங்களே பார்த்து, 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கையைச் சுருக்கிக்கொள்வதே இப்போதைக்கு வழி.

கேள்வி (தஞ்சாவூர்): வாரம் இரண்டு முறை கிரைண்டரில் மாவு அரைக்கிறோம். அதை நிறுத்திவிட்டுக் கடையில் மாவு வாங்கினால் கட்டணம் குறையுமா ஐயா?

பதில்: மாவுக் கடைக்காரருக்குத்தான் லாபம். வீட்டுக் கிரைண்டர் பெரும்பாலும் 150 முதல் 200 வாட் வரை இழுக்கும். அரை மணி நேரம் ஓடினால் பத்தில் ஒரு பங்கு யூனிட்தான் ஆகும். எந்தச் சாதனம் சத்தம் போடுகிறது என்று பார்ப்பதைவிட, எது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கிறது. கூடத்திலும் படுக்கையறையிலும் நாளொன்றுக்கு 18 மணி நேரம் சுழல்வது நம் ஊர் வெயிலில் சாதாரணம். அதனிடத்தில் 30 வாட் அளவிலான பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறியை மாட்டினால், விசிறி ஒன்றுக்கு இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 48 யூனிட் மிஞ்சும். விலை கூடுதல் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. அதிக நேரம் ஓடும் இரண்டை முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறை விசிறி பழையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். சுவிட்ச் போர்டில் பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது அது மின்சாரத்தை வெப்பமாக்கி வீணடிக்கிறது.

கேள்வி (நாகப்பட்டினம்): ஏ.சி.க்குப் பதிலாக ஏர் கூலர் வாங்கினால் செலவு குறையும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: உங்கள் ஊருக்கு வேண்டாம். காற்று உலர்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகி அறை குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும். ஏ.சி.யையே 26 டிகிரியில் வைத்து, கூடவே விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. மாடியில் வெள்ளை நிறக் குளிர்ச்சிப் பூச்சோ, அது இயலாவிட்டால் கோடைக்கு முன்பே சுண்ணாம்புப் பூச்சோ அடித்துவிட்டால், ஏ.சி. போடும் நேரமே குறையும்.

கேள்வி (திருவாரூர்): முன்பு அரை மணியில் நிரம்பிய மேல்நிலைத் தொட்டி இப்போது நிரம்ப ஒரு மணி நேரம் ஆகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும் என்பதால், இந்த அரை மணி நேரத் தாமதம் நாள்தோறும் ஓடினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட் ஆகிவிடும். தரைக்கு மேலே வைத்த மோட்டார் என்றால், உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வைப் பாருங்கள். அது கசிந்தால் குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிடும், ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அது சரியாக இருந்தால் குழாய் இணைப்புகளில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்குவதும், மாலையில் மின்னழுத்தம் குறைவதும்கூடக் காரணமாக இருக்கலாம். ஒரு நாள் அதிகாலையில் ஓட்டி நேரத்தைக் குறித்துப் பாருங்கள். அப்போது சீக்கிரம் நிரம்பினால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது என்று பொருள்.

கேள்வி (மயிலாடுதுறை): மாடியில் சோலார் போடலாமா? வீட்டைச் சுற்றித் தென்னை நிற்கிறது.

பதில்: தென்னையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல பலகைகளை ஒரே தொடராக இணைக்கும்போது, ஒன்றின் மேல் விழும் மட்டையின் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை நிழல் விழாத இடம், கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி கிடைத்தால் துணிந்து போடலாம். ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குறையும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம். பேட்டரி இல்லாத அமைப்பு கரண்ட் போகும்போது தானும் நின்றுவிடும் என்பதை விற்பவர்கள் பலர் சொல்வதில்லை. 2018-இல் கஜா புயல் கரை கடந்த வட்டாரம் நம்முடையது. தாங்கு சட்டத்தைக் கான்கிரீட்டோடு சேர்த்துப் பிணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மன்னார்குடி): எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் மீட்டரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதே?

பதில்: இன்வெர்ட்டர், பிரிட்ஜ், டி.வி.யின் செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். மீட்டரில் யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று அச்சிட்டிருந்து, அப்போதும் பதினோரு வினாடிக்கு ஒருமுறை மின்னினால், சுமார் 100 வாட் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு அது 144 யூனிட். பழைய ஓட்டு வீடுகளில் மழைநீர் ஊறிய சுவர் வழியாகக் கசிவு ஏற்படுவதுண்டு. இது உயிருக்கும் ஆபத்தானது என்பதால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துக் காட்டி, கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தையும் அப்போதே பொருத்தச் சொல்லுங்கள்.