‘பாத்துக் குடுங்க’ என்று கேட்டால் எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தத்தமங்கலம், மலையாளக் குடும்பம். கல்யாணம் பொள்ளாச்சியில் ஒரு மண்டபத்தில் நடக்கிறது. முதல் நாள் ராத்திரி விருந்து, மறுநாள் காலையில் முகூர்த்தம், 800 பேர் வருவார்கள். வரவேற்பு பாலக்காட்டில் ஒரு ஹோட்டலில். அந்தச் செலவை இரண்டு வீடும் பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறோம். என்னிடம் இருப்பது மொத்தம் 9 லட்சம். சமையலுக்கு மட்டும் 4 லட்சம் பேசி முடித்தாகிவிட்டது. என் பயம் வேறு. அண்ணன் மகன் கல்யாணத்தில், பேசின காசு போக ‘பாத்துக் குடுங்க’ என்று கேட்டவர்களுக்கே ஐம்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டதாம். போன வருடம் நடந்ததை அண்ணன் இன்னும் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகனோ, “ஒவ்வொரு பில்லுக்கும் 15 சதவீதம் டிப்ஸ் வைக்கணும் பெரியம்மா” என்கிறான். யாருக்கு, எவ்வளவு, யார் கையில் கொடுப்பது? ஹோட்டல் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டுமா?

பதில்: அக்கா, முதலில் உங்கள் தங்கை மகனின் கணக்கைத் தள்ளி வைத்துவிடலாம். அவர் சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே மத்திய அரசின் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து அந்தத் தொகை மாறவில்லை. சில மாநிலங்கள் தாங்களாகக் கூட்டி வைத்திருக்கின்றன, அது வேறு. மற்ற வேலைகளுக்கு அதே சட்டம் 7.25 டாலர் என்கிறது. நடுவில் இருக்கும் பள்ளத்தைச் சாப்பிட வருபவர்தான் நிரப்புகிறார். அதனால் அங்கே டிப்ஸ் என்பது பாதிச் சம்பளம். சதவீதம் போட்டுக் கொடுப்பது அதனால்தான்.

நம் பக்கம் பந்தி பரிமாற வரும் பையனை நாள் கூலி பேசித்தான் கூட்டி வருகிறார்கள். உங்கள் சமையல் பில் 4 லட்சத்துக்கு 15 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். அதைக் காண்ட்ராக்டர் கையில் கொடுத்தால், அவர் ஏற்கெனவே லாபம் வைத்துப் பேசிய தொகைக்கு மேல் இன்னொரு லாபம் பார்ப்பார். இலை எடுக்கும் அம்மாவுக்கு ஒன்றும் போகாது.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் தங்கை கல்யாணத்தில், நல்ல பெயர் எடுக்கும் ஆசையில் 10,000 ரூபாயை மொத்தமாகச் சமையல் காண்ட்ராக்டரிடம் கொடுத்து, “பசங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துருங்க” என்றேன். மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில் பாத்திரம் கழுவ வந்த பெண் ஒருவர், ஊருக்குப் போகப் பஸ் காசு கேட்டு என்னிடமே வந்து நின்றார். பத்தாயிரத்தில் அவருக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. கொடுத்தும் கொடுக்காத மாதிரி ஆகிவிட்டது.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம் இது: பேசின தொகை யார் பையில் விழுகிறதோ, அவருக்கு டிப்ஸ் கிடையாது. போட்டோ ஸ்டுடியோ நடத்துபவர், மேக்கப் செய்யும் பெண் அவரே முதலாளியாக இருந்தால் அவர், டெக்கரேஷன் காண்ட்ராக்டர், கேட்டரிங் உரிமையாளர் என்று இவர்களுக்கெல்லாம் பேசியதை நேரத்துக்குக் கொடுத்தாலே போதும். அவர்கள் கூட்டி வந்த ஆட்களுக்குத்தான் கவர். அதையும் அவரவர் கையில்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ஐயருக்கு வைக்கும் தட்சணை டிப்ஸ் இல்லை. உங்கள் வீட்டு முறையில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் இருந்தால் அவருக்குச் செய்வதும் டிப்ஸ் இல்லை, அது முறை. தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துச் சபையில் கொடுக்க வேண்டியது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அந்தத் தொகைகளைச் சடங்குச் செலவில் எழுதிவிடுங்கள். டிரைவர் பேட்டாவும் டிப்ஸ் இல்லை. அது வாடகைப் பேச்சோடு சேர்ந்தது, முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டியது. உங்கள் அண்ணனின் ஐம்பதாயிரத்தில் பாதிக்கு மேல் இந்த மூன்றும் கலந்திருக்கும் என்பது என் ஊகம். எல்லாம் ஒரே ஜிப்பா பாக்கெட்டிலிருந்து போனால் கடைசியில் எல்லாமே ‘பாத்துக் குடுத்த’ கணக்கில்தான் தெரியும்.

இனி தொகை. இது என் கைக்கணக்குதான், சட்டம் ஒன்றும் இல்லை. 800 பேர், இரண்டு வேளை என்பதை வைத்துப் போடுகிறேன். சமையல் மாஸ்டருக்கு 2,000, அவருடன் அடுப்படியில் நிற்கும் எட்டுப் பேருக்கு ஆளுக்கு 300. பரிமாறும் பையன்கள் இருபது பேருக்கு 200 வீதம் 4,000. இலை எடுப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள் எட்டுப் பேருக்கு 300 வீதம். பரிமாறுபவரை விட இவர்களுக்கு ஏன் அதிகம் என்று உங்கள் அண்ணன் கேட்பார். பந்தியில் நிற்பவருக்கு விருந்தாளி யாராவது ஐம்பது, நூறு நீட்டுவார். பின்கட்டில் இருப்பவரை யாரும் பார்ப்பதே இல்லை.

மண்டபத்தில் வாட்ச்மேனுக்கு 500, ஜெனரேட்டரும் கரண்டும் பார்ப்பவருக்கு 500, துப்புரவு செய்யும் நான்கு பேருக்கு 300 வீதம். மண்டப பில்லில் ‘கிளீனிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருக்கும். அது மண்டபத்துக்குப் போவது, கூட்டிப் பெருக்குபவருக்குப் போவதில்லை. மேனேஜருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. மனசு கேட்கவில்லையென்றால், டெபாசிட் பணம் முழுதும் உங்கள் கைக்குத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். முன்பே கொடுத்தவர்களுக்கு உடைந்த டம்ளர் கணக்கு நீளமாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நாதஸ்வரம், தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று நான்கு பேர் வந்தால் ஆளுக்கு 500. சொந்தக்காரர்கள் கேட்ட பாட்டுக்கு அவர்களே கொடுப்பது தனி. அதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம். வேன், பஸ் டிரைவர்கள் மூன்று பேருக்குப் பேட்டா போக 500 வீதம். போட்டோகாரரோடு லைட் பிடிக்க வரும் இரண்டு பையன்களுக்கு 300 வீதம், மேக்கப் உதவிக்கு வரும் பெண்ணுக்கு 500, மேடை கட்டிப் பிரிக்கும் ஐந்து பேருக்கு 200 வீதம்.

கூட்டினால் 18,600 வரும். கையில் 22,000 வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3,400 எதிர்பாராத ஆட்களுக்கு. அதாவது உங்கள் 9 லட்சத்தில் இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. இதற்காகச் சீட்டை ஏலம் எடுப்பதோ, வளையலை அடகு வைப்பதோ வேண்டவே வேண்டாம். 22,000 கஷ்டம் என்றால் எல்லாத் தொகையையும் பாதியாக்குங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். 300-க்குப் பதில் 150 வாங்குபவர் ஒன்றும் நினைக்க மாட்டார். பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைத்துத் தனக்குக் கிடைக்காதவர்தான் நினைப்பார்.

சில்லறை விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 500 ரூபாய்க் கட்டோடு போனால், 200 கொடுக்க நினைத்த இடத்தில் 500 போகும். இந்தக் கணக்குக்கு உங்களுக்கு 500 ரூபாய் நோட்டு 14, 200 ரூபாய் நோட்டு 47, 100 ரூபாய் நோட்டு 22 வேண்டும். இரண்டு வாரம் முன்பே உங்கள் பாங்க் கிளையில் சொல்லி வையுங்கள். ஆவணியில், மலையாளத்தில் சிங்ஙம், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல்யாணம்தான், கூடவே ஓணம் வேறு. கடைசி நேரத்தில் சில்லறை நோட்டு கிடைப்பது சிரமம். ஒவ்வொரு கவரிலும் பெயர் வேண்டாம். ‘பந்தி’, ‘அடுப்படி’, ‘இலை’ என்று எழுதினால் போதும்.

கவர் பை உங்கள் கையில் இருக்கக் கூடாது. நீங்கள் பெண்ணின் அம்மா. தாலி கட்டும் நேரத்தில் ஜெனரேட்டர்காரருக்கு நோட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அண்ணனிடமும் வேண்டாம் (கோபிக்காதீர்கள், போன வருடக் கதையை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்). சொந்தத்தில் கணக்கு எழுதும் பழக்கம் உள்ள பெண் பிள்ளை யாராவது இருந்தால் அவளிடம் கொடுங்கள். ‘பாத்துக் குடுங்க’ என்று யார் வந்தாலும் நீங்கள் “அங்க கேளுங்க” என்று கையைக் காட்டினால் போதும். மொய்ப் பணத்தையும் இந்தப் பையையும் ஒன்றாகப் போடவே கூடாது. சமையல் பாக்கியும் தனி. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். அதனால் கேட்டரிங் தொகையைப் பாங்க் வழியாகவே அனுப்பிவிடுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். அடுப்படிக்கு முதல் நாள் ராத்திரி ஒரு பைசா கொடுக்க வேண்டாம். கொடுத்தால் காலை இட்லி யார் ஊற்றுவது என்ற கேள்வி வரும். கடைசிப் பந்தி முடிந்து மாஸ்டர் சாப்பிட உட்காரும்போது கொடுங்கள். டிரைவருக்குக் கடைசி நடை முடிந்ததும். பரிமாறும் பையன்கள் விஷயத்தில் மட்டும் ஒன்று விசாரியுங்கள். இப்போது பாதிப் பேர் காலேஜ் பையன்கள். ராத்திரி வந்தவர் காலையில் வரமாட்டார். அப்படியானால் வேளைக்கு 100 வீதம் அன்றன்றே கொடுத்துவிடுங்கள். மொத்தம் அதே 4,000 தான். இருபது 200 ரூபாய் நோட்டுக்குப் பதில் நாற்பது 100 ரூபாய் நோட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் போவோம். சம்பந்தி வீட்டு முறையில் பெண்தான் பெரியவர்களுக்குத் தட்சணை வைத்துக் காலில் விழுவாள். வெற்றிலை, பாக்கு, ஒரு ரூபாய் நாணயம். நம் ஆட்கள் இதைப் பார்த்துவிட்டு நூறு, இருநூறு என்று நோட்டு வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தேவையில்லை, நாணயமே மரியாதை. எத்தனை பேர் என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டு அத்தனை நாணயம் எடுத்து வையுங்கள்.

ஹோட்டல் பில். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஹோட்டலோ உணவகமோ சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. கொடுப்பது உங்கள் விருப்பம் என்று சொல்லியே ஆகவேண்டும். உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஹால் புக் செய்யும்போதே, அட்வான்ஸ் கொடுக்கும் முன், மதிப்பீட்டுத் தாளில் சர்வீஸ் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதை விட்டுவைத்தால் அதன் மேலும் ஜிஎஸ்டி போடுவார்கள். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஏதோ காரணத்தால் கொடுத்தே தீர வேண்டி வந்தால், மேலே தனியாக டிப்ஸ் வேண்டாம். சர்வீஸ் சார்ஜ் எடுபட்டுவிட்டால், பரிமாறுபவர்களுக்கும் பின்னால் பாத்திரம் கழுவுபவர்களுக்கும் சேர்த்து இரண்டு வீடும் வீட்டுக்கு 2,000 போட்டால் தாராளம். பாதிப் பாதி என்று பேசியிருக்கிறீர்கள் இல்லையா, இதையும் சம்பந்தியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பில் வந்த பிறகு சொன்னால் சங்கடம்.

நீங்கள் கேட்காத ஒன்று. கட்டில், பீரோ ஏதாவது பொள்ளாச்சியில் வாங்கி டெம்போவில் தத்தமங்கலத்துக்கு அனுப்புவதாக இருந்தால், அங்கே இறக்குவதற்குச் சுமட்டுத் தொழிலாளர்கள் (சுமை ஏற்றி இறக்குபவர்கள்) வரலாம். அவர்கள் இறக்கினால் அதற்குரிய கூலியைக் கொடுப்பதுதான் நியாயம். ரேட்டைச் சம்பந்தி வீட்டில் முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆட்களே இறக்கிய பிறகு, பார்த்துக்கொண்டு நின்றதற்காகக் கேட்பது நோக்குகூலி. அதைக் கேரள அரசே 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. உங்கள் டெம்போ டிரைவர் “ஏதாவது குடுத்து அனுப்புங்க, எதுக்கு வம்பு” என்பார். அங்கே பேசச் சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும். மலையாளத்தில் ‘சாயக்காசு’, அதாவது டீக்காசு, என்று கேட்டு வாங்கும் ஐம்பது, நூறு வேறு. வேலை செய்தவர் கேட்டால் சந்தோஷமாகக் கொடுங்கள்.

நான் போட்ட ஆள் எண்ணிக்கை எல்லாம் ஒரு மதிப்புதான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு கேட்டரிங்காரரிடமும் மண்டபத்திலும், எந்த வேளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். அந்த எண்ணை வைத்து 18,600-ஐத் திருத்திக்கொண்டு பாங்குக்குப் போங்கள்.