ஐகாம் ஆர்-75 வாங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

உசிலம்பட்டி நண்பருக்கு வணக்கம். உங்கள் டெக்சன் பி.எல்-330 கையடக்க வானொலியில் இருட்டிய பிறகு 31 மீட்டர் சிற்றலை வரிசை முழுக்க இரைச்சல், பழைய ஐகாம் ஆர்-75 மேசை வானொலியை வாங்கினால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள்.

இன்று மாலை வானொலியை பேட்டரியில் ஓட விட்டு, வீட்டின் மெயின் சுவிட்சையும், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: எல்.இ.டி பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அடங்காவிட்டால் ஏரியல் கம்பியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, தோட்டத்து வேப்பமரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கோஆக்சியல் கேபிளில் (உலோக உறை போட்ட, டிவி ஆண்டெனா கேபிள் போன்றது) உள்ளே இறக்குங்கள். ஏரியலுக்குள் இரைச்சல் புகுந்துவிட்டால் எந்த உயர்தர வானொலியாலும் அதை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

ஆர்-75 வீண் என்று சொல்லவில்லை. அதன் அருமை வேறு இடத்தில் தெரியும். நீளக் கம்பியைச் சிறிய வானொலியில் மாட்டினால், இரவில் தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் நிலையம் போன்ற வலுவான மத்திய அலைகள் உள்ளே புகுந்து, இல்லாத இடத்தில் போலி நிலையங்களை முளைக்கவைக்கும். ஆர்-75 அந்தச் சுமையை நன்றாகத் தாங்கும். பக்கத்து நிலையம் நெருக்கும்போது அதன் இரட்டைப் பாஸ்பேண்ட் குமிழை (வானொலி உள்ளே விடும் அலை அகலத்தை இருபுறமும் குறுக்கும் குமிழ்) திருப்பி இடையூறை ஓரங்கட்டலாம். மங்கலாக வரும் தொலைதூர நிலையத்தின் பெயர் காதில் விழுவது அந்தக் குமிழால்தான். ஆனால் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. வாங்குவதென்றால் நேரில் போய், ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுக் கேட்டபின் வாங்குங்கள்.

சோதனையில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், கம்பியின் நீளத்தையும் சேர்த்து.