பழைய ஆங்கில அகராதிகள் தரும் பொருள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய ஆங்கில நூல்களையும் ஆவணங்களையும் வாசிப்பவர்கள், இன்று நாம் நன்கறிந்த சொற்களுக்கு அங்கே வேறு பொருள் இருப்பதைக் கண்டு எழுப்பியுள்ள ஐயங்களுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் லேவியராகமம் இரண்டாம் அதிகாரம் ‘மீட் ஆஃபரிங்’ என்னும் பலியைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதில் மாவு, எண்ணெய், தூபவர்க்கம் ஆகியவையே உள்ளன. இறைச்சியே இல்லாத படையலுக்கு ஏன் இந்தப் பெயர்?

அந்நாளில் ‘மீட்’ என்பது எந்த உணவையும் குறித்த சொல். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதனுக்கு விதை தரும் செடிகளையும் கனிமரங்களையும் கொடுக்கும் இடத்திலும் அதே மொழிபெயர்ப்பு ‘மீட்’ என்றே சொல்கிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இறைச்சி, பொதுவான உணவு ஆகிய இரண்டு பொருள்களும் பதிவாகியுள்ளன. பிற்காலத்தில் முதல் பொருள் நிலைபெற்று, இரண்டாவது பொருள் இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் ‘ஸ்வீட்மீட்’ போன்ற கூட்டுச்சொற்களில் மட்டும் தங்கிவிட்டது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு நல்ல துணை இருக்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் இப்பலியைப் ‘போஜனபலி’ என்றும், ஆதியாகமத்தில் வருவதை ‘ஆகாரம்’ என்றும் சரியாகவே தருகிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. அங்கே ஆங்கிலத்தில் ‘பிரிவென்ட்’ என்று வருவதைத் ‘தடுத்தல்’ என்று கொண்டால், உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களைத் தடுப்பதில்லை என்னும் புரியாத வாக்கியமே மிஞ்சும். ‘முன்னே செல்லுதல்’ என்பதே அக்காலப் பொருள் என்பதால் தமிழில் அது ‘முந்திக்கொள்வதில்லை’ என்று வருகிறது. ஆங்கிலப் பழம்பதிப்பில் ஒரு வசனம் இடறும்போதெல்லாம் தமிழ்ப் பதிப்பையும் அருகில் விரித்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ‘ஃபேக்டரி’ அமைத்தது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் அங்கே என்ன தொழிற்சாலை இருந்தது?

எந்தத் தொழிற்சாலையும் இருக்கவில்லை. தொலைதூர நாடொன்றில் வணிகர்கள் குடியிருக்கும் இல்லம் அல்லது பகுதி என்பதே ஜான்சன் ‘ஃபேக்டரி’க்குத் தரும் முதல் பொருள், ஓரிடத்தில் குழுவாக அமைந்த வணிகர்கள் என்பது இரண்டாவது பொருள். பொருள்களை உற்பத்தி செய்யும் ஆலை என்னும் பொருளை அவர் அங்கே தரவில்லை. ‘ஃபேக்டர்’ என்பவர் இன்னொருவருக்காக வாங்கி விற்கும் முகவர். அவரும் அவருடைய சரக்கும் தங்கிய இடமே ‘ஃபேக்டரி’. கம்பெனி 1611இல் மசூலிப்பட்டினத்திலும், 1639இல் நிலம் பெற்றபின் சென்னையிலும் நிறுவியவை இத்தகைய வணிக நிலையங்களே. துணியை நெசவாளர்கள் தம் ஊர்களிலேயே நெய்தார்கள்; கம்பெனி அதைக் கொள்முதல் செய்து, சேர்த்து வைத்து, கப்பலேற்றியது. ஆகவே இவ்விடங்களில் ‘தொழிற்சாலை’ என்று மொழிபெயர்ப்பது பெரும் பிழை. தமிழில் எழுதும் வரலாற்று நூல்களில்கூட இப்பிழையைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘பண்டகசாலை’ என்னும் நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது இதற்குத் தேவையே இல்லை.

கம்பெனி ஆவணங்களில் வரும் ‘ரைட்டர்’ என்பதையும் இத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டும். ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னைக்கு வந்தபோது அவர் வகித்த பதவி அதுதான். கணக்கும் கடிதமும் எழுதும் இளநிலை எழுத்தரையே அது குறித்தது. அதற்கு மேற்பட்ட படிநிலைதான் ‘ஃபேக்டர்’. இங்கிலாந்தில் இப்பொருள் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பதிவேடுகளை எழுதுபவரை இன்றும் ‘ரைட்டர்’ என்றுதான் அழைக்கிறோம்.

கேள்வி: லண்டனின் புனித பவுல் பேராலயத்தைப் பார்த்த இங்கிலாந்து மன்னர், அது ‘ஆஃபுல்’ ஆகவும் ‘ஆர்ட்டிஃபிஷியல்’ ஆகவும் ‘அம்யூஸிங்’ ஆகவும் இருக்கிறது என்று பாராட்டினாராம். இது உண்மையா?

பொருள் சரி, கதையை நம்ப வேண்டாம். ‘ஆஃபுல்’ என்றால் பயபக்தி உண்டாக்குவது, ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்றால் கலைத்திறத்தோடு செய்யப்பட்டது, ‘அம்யூஸிங்’ என்றால் மனத்தை ஈர்த்து நிறுத்துவது என்று அக்காலத்தில் பொருள் இருந்தது உண்மையே. ஆனால் சொன்னவர் யார் என்பதில் ஒருவர் இரண்டாம் சார்லஸ் என்கிறார், மற்றொருவர் இரண்டாம் ஜேம்ஸ் என்கிறார், வேறொருவர் ஆன் அரசி என்கிறார். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த இப்பேராலயத்தின் கட்டுமானம் 1675இல் தொடங்கி 1710 வாக்கில்தான் முடிந்தது. சார்லஸ் இறந்ததோ 1685இல். ஜேம்ஸ் 1688இலேயே அரியணையை இழந்துவிட்டார். எனவே முழுமையடைந்த பேராலயத்தை மன்னராக இருந்து பார்த்துப் பாராட்டும் வாய்ப்பு இருவருக்குமே இல்லை. சொற்பொருள் மாற்றத்தை விளக்க எளிதாக இருக்கிறது என்பதற்காகவே இக்கதை வகுப்பறைகளில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு நில அளவை ஆவணம் ஒன்றில் ‘கம்ப்யூட்டர்’ என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழையன்று. கணக்கிடும் மனிதரைக் குறித்த சொல் அது. ஜான்சனின் அகராதியிலும் அப்படியே உள்ளது. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைத் துறையில் தலைமைக் ‘கம்ப்யூட்டர்’ பதவியை வகித்தவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். பதினைந்தாம் சிகரம் என்று குறிக்கப்பட்டிருந்த எவரெஸ்டுதான் உலகிலேயே மிக உயர்ந்தது என்பது 1852இல் தெரியவந்ததற்கு அவருடைய கணக்குகளே அடிப்படை.

கேள்வி: ‘நைஸ்’ என்பதற்கு ‘முட்டாள்’ என்று பொருளா?

14ஆம் நூற்றாண்டில் அப்படித்தான். ‘அறியாத’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஜான்சன் காலத்துக்குள் அது ‘மிக நுணுக்கமான’, ‘அளவுக்கு மீறித் துல்லியம் பார்க்கிற’ என்னும் பொருள்களுக்கு நகர்ந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று ஒரு வாதத்தை ‘நைஸ்’ என்றால், அது நுட்பமானது என்று கொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஓட்ஸ்’ இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மக்களுக்கும் உணவாகும் தானியம் என்று ஜான்சன் எழுதினாராமே. இப்படிக் கேலி செய்யும் அகராதியை எப்படி நம்புவது?

தாராளமாக நம்பலாம். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களில் இத்தகைய குத்தல்கள் மிகச் சில. அவருக்கு உதவிய ஆறு பேரில் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அரசியல் தொடர்பான சொற்களில் விழிப்பு தேவை. ‘பென்ஷன்’ என்பதை, நாட்டுக்குத் துரோகம் செய்ய அரசின் கூலியாளுக்குத் தரப்படும் ஊதியம் என்றே இங்கிலாந்தில் பொதுவாகக் கருதுகிறார்கள் என அவர் எழுதினார். பின்னர் 1762இல் அவருக்கே ஆண்டுக்கு 300 பவுண்டு ‘பென்ஷன்’ வழங்கப்பட்டது, அவரும் பெற்றுக்கொண்டார்.

கேள்வி: பழைய ஆங்கில வேதாகமத்தை வாசிக்க வெப்ஸ்டரின் 1828 அகராதியைப் பரிந்துரைக்கிறார்கள். போதுமா?

முதல் துணையாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோவா வெப்ஸ்டர் வேதாகம மொழியை நன்கறிந்தவர் என்றாலும், அவருடைய நூல் அம்மொழிபெயர்ப்புக்கு 217 ஆண்டுகள் பிந்தியது. அமெரிக்க வழக்கை முன்னிறுத்தியது. ஜான்சனும் பிந்தியவரே. ஆயினும் 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1660 வரையிலான எழுத்தாளர்களை அவர் வேண்டுமென்றே தேடிப் பிடித்து மேற்கோள் காட்டியிருப்பதால், 1611க்கு அண்மையான வழக்கை அவரிடம் பார்க்க முடிகிறது. இறுதி முடிவுக்கு, 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் முற்றுப்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு பொருளின் கீழும் மேற்கோள்கள் ஆண்டு வரிசையில் உள்ளன. நீங்கள் வாசிக்கும் நூலின் ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள மேற்கோள்களில் எந்தப் பொருள் வழங்குகிறது என்று பார்த்து, அதையே உங்கள் வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள்.