பச்சை என்றால் பொறாமையா? வண்ணங்கள் வரும் ஆங்கிலத் தொடர்கள் பற்றிச் சில கேள்விகள்

ஆங்கில மரபுத்தொடர்களில் வண்ணங்கள் படுத்தும் பாட்டைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் 'கிரீன் என்றால் பொறாமை, புளூ என்றால் சோகம்' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறாள். இது சரியான வழியா?

வேண்டாம், அந்தப் பட்டியல் அவளைக் குழப்பிவிடும். 'கிரீன் வித் என்வி' என்றால் பொறாமைதான். ஆனால் 'கிரீன் லைட்' என்றால் அனுமதி. 'கிரீன் ஃபிங்கர்ஸ்' என்றால் செடி வளர்ப்பதில் கைராசி. அமெரிக்கர்கள் இதையே 'கிரீன் தம்ப்' என்பார்கள். வேலைக்குப் புதிதாக வந்து ஒன்றும் தெரியாமல் நிற்பவரும் 'கிரீன்'தான்.

தமிழிலிருந்தே அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர், பச்சைப் பொய். இவற்றில் எதிலாவது பச்சை நிறம் இருக்கிறதா? பச்சைக் குழந்தை என்றதும் நிறம் நம் நினைவுக்கே வருவதில்லை. முழுத் தொடராகவே கேட்டுப் பழகியதுதான் காரணம். ஆங்கிலத்தையும் அப்படியே பழகட்டும். ஒரு தொடர், அதை வைத்து அவள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம். உதாரணமாக, ரொம்ப நாளாகப் பேசாத தோழி திடுதிப்பென்று போன் செய்தால் அது 'அவுட் ஆஃப் த புளூ'. இங்கே நீலத்துக்கும் சோகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது மேகமில்லாத நீல வானம். அதிலிருந்து எதிர்பாராமல் இடி விழுந்த மாதிரி.

கேள்வி: 'பிளாக் ஷீப்' என்பதும் நம் 'கறுப்பு ஆடு' என்பதும் ஒன்றுதானே?

இல்லை. இவ்வளவு கேள்விகளில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். தமிழில் கறுப்பு ஆடு என்றால் கூட இருந்தே குழி பறிப்பவன், உள்ளே இருந்துகொண்டு எதிராளிக்குத் தகவல் சொல்பவன். ஆங்கிலத்தில் பிளாக் ஷீப் துரோகி இல்லை. குடும்பத்துக்குச் சரிப்படாதவன், மற்றவர்கள் தலைகுனியும்படி நடப்பவன், சில சமயம் வெறுமனே வேறு வழியில் போனவன். வெள்ளைக் கம்பளிக்கு விரும்பிய சாயம் ஏற்றலாம். கறுப்புக்கு ஏற்ற முடியாது. அதனால் மந்தையில் அந்த ஆட்டுக்கு மதிப்புக் குறைவு. தொடரின் வேர் அங்கே இருக்கிறது.

என்னுடன் வேலை பார்த்த ஒருவர், அலுவலகத் தகவல்கள் வெளியே கசிந்தபோது, "நம் குழுவில் ஒரு பிளாக் ஷீப் இருக்கிறது" என்று வெளிநாட்டு மேலாளருக்கு மெயில் எழுதினார். "யார் அவர்? மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லையா? நான் பேசிப் பார்க்கட்டுமா?" என்று கனிவாகப் பதில் வந்தது. சொல்ல வந்தது போய்ச் சேரவே இல்லை. அங்கே வேண்டிய சொல் 'மோல்', அதாவது உள்ளே இருந்துகொண்டே உளவு சொல்பவர்.

கேள்வி: 'வொயிட் லை' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரே சொல்லில் அடங்காது. எதிரில் இருப்பவர் மனம் நோகக்கூடாதே என்று சொல்லும் சின்னப் பொய் அது. பிடிக்காத பரிசை வாங்கிக்கொண்டு "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்கிறோமே, அதுதான். 'பொய்ம்மையும் வாய்மை யிடத்த' என்ற குறளை இதோடு சேர்த்துச் சிலர் கேட்டிருக்கிறார்கள். வள்ளுவர் அங்கே சொல்வது குற்றமற்ற நன்மை தரும் பொய்யை. இது வெறும் நாகரிகத்துக்குச் சொல்வது. என் பார்வையில் இரண்டும் ஒரே எடை இல்லை. நம் பச்சைப் பொய்க்கு ஆங்கிலத்தில் வண்ணமே கிடையாது, 'பேர்ஃபேஸ்ட் லை' என்பார்கள்.

கேள்வி: 'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்கிறார்களே, நிலா நிஜமாகவே நீலமாகுமா?

ஆகும், ஆனால் அபூர்வமாக. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது காற்றில் பரவிய துகள்களால் நிலா நீலமாகத் தெரிந்தது. இன்று செய்திகளில் வரும் 'புளூ மூன்' வேறு. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சுமார் 29.5 நாள். அதனால் எப்போதாவது ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்துவிடும். இரண்டாவதுக்குத்தான் அந்தப் பெயர். சராசரியாகச் சுமார் 2.7 ஆண்டுக்கு ஒருமுறை வரும். இந்த விளக்கமே 1946இல் ஒரு வானியல் இதழில் பழைய பஞ்சாங்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியதில் பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

தொடரின் பொருளுக்கு நம்மிடமே அச்சு அசலாக ஒன்று இருக்கிறது: அத்தி பூத்தாற்போல. அது பொருந்தும் இடத்தில் இதுவும் பொருந்தும். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நடந்ததற்குச் சொல்லாதீர்கள். அரிதாக இருந்தாலும் மறுபடி மறுபடி நடப்பதற்கே இது.

கேள்வி: 'ரெட் ஹேண்டாகப் பிடித்தார்கள்' என்பது சரியா?

தமிழ்ப் பேச்சில் ஓடும். ஆங்கிலத்தில் 'காட் ரெட் ஹேண்டட்'. கடைசி 'டட்' முக்கியம். ஸ்காட்லாந்தின் பழைய சட்ட வழக்கிலிருந்து வந்தது, கையில் ரத்தக்கறையோடு பிடிபடுவது. நம் 'கையும் களவுமாக' இதற்கு நேர் ஜோடி.

கேள்வி: 'பச்சைக்கொடி காட்டினார்' என்பதை 'கிரீன் ஃபிளாக்' என்று எழுதலாமா?

வேண்டாம், 'கேவ் த கிரீன் லைட்' என்று எழுதுங்கள். இப்போது இளைஞர்கள் சொல்லும் 'கிரீன் ஃபிளாக்' வேறு. ஒருவரிடம் தெரியும் நல்ல அறிகுறி அது, 'ரெட் ஃபிளாக்' என்ற எச்சரிக்கைக்கு எதிர்ப்பதம்.

கேள்வி: ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியில் இவற்றை நிறையச் சொன்னால் மதிப்பெண் கூடுமா?

7ஆம் பேண்டின் (மதிப்பெண் நிலையின்) அளவுகோலில் மரபுத்தொடர்ப் பயன்பாடு வருகிறது, உண்மை. ஆனால் அதே வரியில் நடை பற்றிய உணர்வும் வருகிறது. வலிய நுழைத்தால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நாக்கில் பழகிய இரண்டு மூன்று போதும். எழுத்துத் தேர்வுக் கட்டுரையில் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: கிரிக்கெட் வர்ணனையில் 'பர்ப்பிள் பேட்ச்' என்கிறார்கள். ஊதா எங்கிருந்து வந்தது?

ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், கவிதையில் பொருந்தாமல் பளபளக்கும் வரிகளை, துணியில் ஒட்டுப்போட்ட ஊதாத் துண்டு என்று கண்டித்தார். அங்கே குறையாக இருந்தது இன்று விளையாட்டில் பாராட்டு: தொட்டதெல்லாம் துலங்கும் காலம். அடுத்த முறை ஒரு பேட்ஸ்மேன் தொடர்ந்து சதமடித்து, வர்ணனையாளர் அப்படிச் சொன்னால், 'அவர் காட்டில் மழை' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.