நேற்று வரை நன்றாக இருந்த இறால்: உப்புநீர்த் தொட்டி கேள்வி பதில்

உப்புநீர்த் தொட்டியில் இறால் வளர்க்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடத்தில் நான் கொன்ற இறால்களின் கணக்கைச் சொன்னால் யாரும் என்னிடம் கேள்வி கேட்க மாட்டீர்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "நேற்று வரை நன்றாக இருந்தது, காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கிறது." அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, கொளத்தூரில் ஒரு ஸ்கங்க் க்ளீனர் இறால் (மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் வகை) வாங்கினேன். கவரை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு திறந்து விட்டேன். மறுநாள் செத்துவிட்டது. அதே நாளில் வாங்கிய க்ளௌன் மீன் துள்ளிக்கொண்டு திரிகிறது. அம்மோனியா பூஜ்யம். என்ன தப்பு செய்தேன்?

இருபது நிமிடம் மிதக்க விட்டதில் வெப்பம் மட்டும்தான் சமமானது. உப்பு சமமாகவில்லை. நிறைய கடைகளில் உப்பு மிச்சமாகட்டும், ஒட்டுண்ணியும் குறையட்டும் என்று 1.019, 1.020 அடர்த்தியில்தான் தண்ணீர் வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டி 1.025 இருக்கும். மீனின் உடல் அந்த வித்தியாசத்தை ஓரளவு சமாளித்துவிடும். இந்த வகை இறால்களுக்கு அது வராது. வெளியே உப்பு ஏறினால் உள்ளேயும் ஏறும், அதுவும் மெல்ல ஏறினால்தான் பிழைக்கும். கவரைத் திறந்த அரை நிமிடத்தில் ஐந்து புள்ளி ஏற்றினால் அன்று இரவோ மறுநாளோ போய்விடும். நம்மிடம் வரும் இறால்களில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன என்பது என் அனுபவம்.

இறாலைக் கவர் தண்ணீரோடு ஒரு சிறு டப்பாவில் விடுங்கள். ஏர் பம்ப் ட்யூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி இறுக்குங்கள். டப்பாவில் தண்ணீர் மூன்று மடங்காகும் வரை, அதாவது ஒன்றரை மணி நேரமாவது, விடுங்கள். டப்பாவில் உப்பை அளந்து தொட்டியோடு ஒத்துப்போன பிறகு இறாலை மட்டும் எடுத்து விட்டுவிட்டு, டப்பாத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஏசி ஓடும் அறையாக இருந்தால் டப்பா குளிர்ந்துபோகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கூரியரில் ஒரு நாளுக்கு மேல் கவருக்குள் கிடந்து வந்த இறாலுக்கு இந்தப் பொறுமையே எமனாகலாம். மூடிய கவரில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனால் அங்குள்ள அம்மோனியா பெரும்பாலும் விஷம் குறைந்த வடிவில் இருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா தன் சுயரூபத்தைக் காட்டும். அப்படிப்பட்ட சமயத்தில் கடைக்காரரிடம் உப்பளவை முன்கூட்டியே கேட்டு, ஒரு தனி வாளியில் அதே அளவுக்கு நீர் தயார் செய்துவைத்து, வந்தவுடன் அதில் விட்டுவிடுங்கள். பிறகு அந்த வாளியிலேயே மெதுவாக உப்பை ஏற்றிக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து: சார், செத்துப்போன இறாலை எடுத்துக் குப்பையில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அதே இறால் பாறைக்குப் பின்னாலிருந்து வந்து நிற்கிறது. வீட்டில் பயந்துவிட்டார்கள்.

பேய் இல்லை, சட்டை உரித்திருக்கிறது. பாம்பு மாதிரிதான், ஆனால் இறாலின் சட்டையில் கண், மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள், உள்ளே சதை இல்லாமல் காற்றாக இருந்தால் சட்டை. நன்றாகச் சாப்பிடும் இறால் மூன்றிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். புது ஓடு இறுகும் வரை ஓரிரு நாள் ஒளிந்திருக்கும். அப்போது தேடிக்கொண்டு பாறையைப் புரட்டாதீர்கள்.

கூடவே எல்லோரும் கேட்பது அயோடின். சட்டை உரிக்க அயோடின் ஊற்ற வேண்டும் என்று கடையில் பாட்டிலை நீட்டுவார்கள். நல்ல உப்புக் கலவையில் மாதம் இருமுறை நீர் மாற்றினால் நான் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அளவு கூடினால் அதுவே விஷம். அந்தக் காசுக்கு, நீரின் காரத்தன்மையை அளக்கும் ஆல்கலினிட்டி கிட் வாங்குங்கள். ஆல்கலினிட்டி 8 முதல் 11 டிகேஎச் (அதன் அலகு), கால்சியம் 400 பிபிஎம்முக்கு மேல், மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கம் இருந்தால் ஓடு தானாக இறுகும்.

தூத்துக்குடியிலிருந்து: எங்கள் ஊரில் கல்லுப்புக்குப் பஞ்சமா? அதைக் கரைத்து ஊற்றினால் ஆகாதா? அந்த வெளிநாட்டு உப்பு வாளி என்ன விலை தெரியுமா?

விலை தெரியும், ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டுத்தான் வாங்குகிறேன். ஆனால் உங்கள் ஊர் உப்பளத்திலேயே பதில் இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து பிரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உப்பு விளையும். மெக்னீசியம் எல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். ஆக, கால்சியத்தை முன்னாலும் மெக்னீசியத்தைப் பின்னாலும் விட்டுவிட்டு நடுவில் கிடைப்பதுதான் கல்லுப்பு. ரசத்துக்கு அருமை. ஓடு கட்ட வேண்டிய இறாலுக்குத் தேவையானது அதில் இல்லை.

கோவையிலிருந்து: சமையலறை ஆர்ஓ தண்ணீரில்தான் உப்புக் கலக்கிறேன். டிடிஎஸ் 60. மீன்கள் சரியாக இருக்கின்றன. ஆறு மாதத்தில் ஐந்து இறால் போய்விட்டது.

உங்கள் மிஷினின் முன்பக்கத்தில் "காப்பர்" என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். இப்போது விற்கும் குடிநீர் ஆர்ஓக்களில் பலவற்றில் செம்பு நல்லது என்று கடைசியில் ஒரு செம்பு கார்ட்ரிட்ஜ் வைக்கிறார்கள். செம்புக் குடத்துத் தண்ணீர் நமக்கு நல்லதாகவே இருக்கட்டும், இறாலுக்கு அது விஷம். இதில் வேடிக்கை, இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் புரதமே செம்பு கலந்ததுதான். உணவின் வழியாக வரும் சொற்பச் செம்பை அதன் உடல் கணக்காக வைத்துக்கொள்ளும். நீரில் கரைந்து செவுள் வழியாக வருவதை அதனால் தடுக்க முடியாது.

ப்ளம்பரைக் கூப்பிட்டு, மெம்ப்ரேன் குழாயிலிருந்து மினரல், செம்பு கார்ட்ரிட்ஜுகளுக்குப் போகும் முன்பே ஒரு டீ இணைப்பு (மூன்று வழிக் குழாய்) போட்டுத் தண்ணீர் எடுங்கள். டிடிஎஸ் கன்ட்ரோலர் இருந்தால் அதையும் தாண்டாமல் எடுக்க வேண்டும், ஏனென்றால் அது வடிகட்டாத பழைய தண்ணீரைத்தான் திரும்பக் கலக்கிறது. அதன்பின், மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குப்பி சேர்த்தால் டிடிஎஸ் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

திருச்சியிலிருந்து: மீனுக்கு வெண்புள்ளி வந்தது. கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றினேன். மாலைக்குள் இரண்டு இறாலும் காலி. தொட்டியைக் கழுவிவிட்டு மறுபடி இறால் விடலாமா?

அதுவும் செம்பு மருந்தாகத்தான் இருக்கும். லேபிளைப் படித்துப் பாருங்கள். கடல்மீனின் வெண்புள்ளிக்குச் செம்பு நல்ல மருந்துதான், ஆனால் அதை எப்போதும் தனித் தொட்டியில் கொடுக்க வேண்டும். பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிவைத்துப் பிறகு மெதுவாகக் கக்கும். கழுவினால் போகாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாறை, மணல் இரண்டையும் மாற்றிவிடுவேன். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். பெரிய தொட்டியில் மீன் இல்லாமல் 76 நாள் விட்டுவிடுங்கள். மீன் கிடைக்காமல் அந்த ஒட்டுண்ணி தானே அழியும். இறாலை அது தொடாது, இறால் அங்கேயே இருக்கலாம்.

நீர்கொழும்பிலிருந்து: அண்ணா, இங்கே ஸ்கங்க் க்ளீனர் லேசாகக் கிடைக்கும். நாலு வாங்கி விட்டேன். இப்ப ரெண்டுதான் இருக்கு. தண்ணீர் எல்லாம் சரி.

உங்கள் தண்ணீர் சரிதான், இறால்களின் குணம்தான் இப்படி. 2011இல் வந்த ஓர் ஆய்வில் இதே இறால்களை மூன்று, நான்காகச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு ஜோடிதான் மிஞ்சியது. இரவில் சட்டை உரித்து மெத்தென்று நிற்பதை மற்றவை கொன்றுவிடுகின்றன. சின்னத் தொட்டியில் இரண்டுக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டும் ஜோடிதான், ஆண் எது பெண் எது என்று தேட வேண்டாம். வளர்ந்த எல்லா க்ளீனரும் இரண்டுமாக இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து: ஐப்டேசியா (தொட்டியில் களைபோல் பரவும் கடல் சாமந்தி) தொல்லைக்குப் பெப்பர்மின்ட் இறால் வாங்கினேன். அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு என் சுவாந்தஸை (பவளம் போன்ற உயிர்) தின்கிறது.

நீங்கள் வாங்கியது பெரும்பாலும் ஒட்டக இறால். சிவப்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் கட்டம்போல் ஓடி, முதுகில் திமில், கண் பெரிதாக இருக்கிறதா? அப்படியானால் அதுதான். பெப்பர்மின்ட் கண்ணாடிபோல் இருக்கும், மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடும், திமில் தெரியாது. ஒட்டகத்தைப் பவளம் இல்லாத தொட்டிக்கு மாற்றுங்கள். அசல் பெப்பர்மின்ட் கிடைத்தாலும், தினமும் வயிறு நிறையப் போட்டால் அது ஐப்டேசியா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

வேலூரிலிருந்து: வெயிலில் தொட்டி 31 வரை போகிறது. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மிஷின்) வாங்க வசதி இல்லை. ஃபேன் போட்டால் 28க்கு இறங்குகிறது. போதுமா?

வெப்பத்துக்குப் போதும். 25ஐப் பிடிக்கப் போய்ப் பகலுக்கும் இரவுக்கும் நான்கு டிகிரி ஆடுவதைவிட, 28இல் அசையாமல் நிற்பது மேல். ஆனால் ஃபேன் குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான், உப்பு ஆவியாகாது. 100 லிட்டர் தொட்டியில் ஐந்து லிட்டர் குறைந்தால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து ஐந்து லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றினால், தாம்பரம் நண்பர் செய்ததையே நீங்களும் திசைமாற்றிச் செய்கிறீர்கள். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத் தினமும் காலையிலும் மாலையிலும் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். பிறகு வசதி வரும்போது குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும், மிதவை வைத்த ஆட்டோ டாப்-ஆஃப் வாங்கிக்கொள்ளலாம். என் கருத்தில் சில்லருக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

புதுச்சேரியிலிருந்து: இரவில் தொட்டிக்குள் கண்ணாடி விரிசல் விடுவதுபோல் "டக், டக்" என்று சத்தம். தூக்கமே போச்சு.

பிஸ்டல் இறாலாக இருந்தால் அதிர்ஷ்டம். அதன் பெரிய கொடுக்கு மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி உருவாகி உடையும், அந்தச் சத்தம்தான் அது. கோபி மீன் ஒன்று விட்டால் இரண்டும் ஒரே வளையில் குடித்தனம் நடத்தும். மான்டிஸாக இருந்தால் துரதிர்ஷ்டம். அது இறாலே இல்லை, தூரத்து உறவு, மற்ற இறாலையும் நண்டையும் ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடும். ராத்திரி சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு கொடுக்கு மட்டும் பருத்திருந்தால் பிஸ்டல். கண்கள் காம்பின் மேல் தனித்தனியாகச் சுழன்று உங்களையே பார்த்தால் மான்டிஸ்.

நாகர்கோவிலிலிருந்து: வயிற்றில் பச்சையாக முட்டை இருக்கிறது. குஞ்சுகளைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

பொரிப்பது பெரிய விஷயமில்லை, ஓர் இரவில் நூற்றுக்கணக்கில் விட்டுவிடும். க்ளீனர் குஞ்சுகள் இறால் உருவத்துக்கு வருவதற்குப் பல மாதம் நீரில் மிதந்தபடி உயிருள்ள இரை தின்று வளர வேண்டும். வீட்டில் நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு நடக்கவில்லை. என் தொட்டியில் அவை பவளங்களுக்கு மாதாந்திர விருந்து.

ராமேஸ்வரத்திலிருந்து: கரை ஒதுங்கும் பவளப் பாறையை எடுத்து லைவ் ராக்காக (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் பாறையாக) போடலாமா? இறாலுக்கு நல்லது என்கிறார்கள்.

வேண்டாம். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது, செத்ததை வைத்திருந்தாலும் வழக்குத்தான். உலர்ந்த செயற்கைப் பாறை வாங்கி, பாக்டீரியா ஊன்ற ஆறு வாரம் விடுங்கள். இறாலை அதற்கும் ஒரு மாதம் கழித்து விடுங்கள்.

சேலத்திலிருந்து: ஹார்லெக்வின் இறால் வாங்கலாமா?

அது நட்சத்திர மீனைத் தவிர எதையும் தின்னாது. மாதாமாதம் நட்சத்திர மீன் வாங்கித் தர முடியுமென்றால் வாங்குங்கள். நான் வாங்க மாட்டேன்.

ஆவடியிலிருந்து: வீட்டில் கொசு தாங்கவில்லை. தொட்டி இருக்கும் அறையில் மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். கொசு, கரப்பான் ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து பூச்சிகளுக்கென்றே செய்தது, இறால் பூச்சிக்கு நெருங்கிய சொந்தம். மீனுக்கும் ஆகாது, ஆனால் இறால்தான் முதலில் விழும்.

நான்கு வருடம் முன்பு எங்கள் பக்கத்துக் குடித்தனத்தில் கரப்பானுக்கு ஆள் வைத்து மருந்து அடித்தார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் மூடித்தான் இருந்தது. ஆனால் என் ஏர் பம்ப் இருந்தது பால்கனியில். சத்தம் தொந்தரவென்று நானே வெளியே வைத்தது. அது இரவு முழுக்க அந்தக் காற்றை இழுத்துத் தொட்டிக்குள் ஊதிக்கொண்டிருந்தது. விடிகாலையில் ஐந்து வயது ஃபயர் இறால் மல்லாந்து கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. நஞ்சை உறிஞ்சும் கார்பன் போட்டேன், பாதித் தண்ணீர் மாற்றினேன். பத்து மணிக்கு உடம்பு பால்போல் வெளுத்துவிட்டது. அப்படி வெளுத்த பிறகு எதுவும் மீண்டு வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது பம்ப் அறைக்குள்தான் இருக்கிறது, சத்தத்தோடு. கொசுவுக்கு வலை கட்டியிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் யார் மருந்து அடிப்பதாக இருந்தாலும் முதல் நாளே என்னிடம் சொல்லிவிடுகிறார்கள்.