மூன்றரை மணிக்கு மேல் பிள்ளை எங்கே?

(இராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் 1998 முதல் குழந்தைகள் காப்பகமும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை விளையாட்டுக் கூடமும் நடத்திவரும் டீச்சரம்மா, இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் காலியாக உள்ளன. காப்பகம் ஆரம்பிக்க ஆசை. எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம்? என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?
— வாசகி, சங்கரன்கோவில்

சாமானைக் கடைசியில் வாங்கலாம் தங்கச்சி, முதலில் ஆள் பாருங்கள். நான் ஆறு பிள்ளைகளோடு ஆரம்பித்தபோது பிளாஸ்டிக் சறுக்குமரம் வாங்கக் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் மனம் மாறி, அதை ஆயாவுக்கு மூன்று மாதச் சம்பளமாக எடுத்து வைத்தேன். அந்த அம்மா பதினேழு வருஷம் என்னோடு இருந்தார். சறுக்குமரம் வாங்கியிருந்தால் நாலு வருஷத்தில் வெயிலில் வெடித்திருக்கும்.

மாதம் ஒரு முகம் மாறினால் கைக்குழந்தை தாங்காது. தூக்குகிற கை, கூப்பிடுகிற குரல், துடைக்கிற துண்டின் வாசனை எல்லாம் அதற்கு ஒன்றாகவே இருக்க வேண்டும். அதனால் ஆயா சம்பளத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கட்டணத்தை முடிவு செய்யும் முன்பே அந்தச் சம்பளத்தை எழுதி வைத்துவிடுங்கள்.

மத்திய அரசு 2018இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டு நெறிகள், மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் இருபது பேருக்கு ஒருவர் என்கின்றன. அது எல்லை, அதற்கு மேலே போகவே கூடாது. என்னைக் கேட்டால், தவழாத குழந்தைகள் நாலு இருந்தாலே ஒருவருக்குக் கை பற்றாது. ஒன்று பாலுக்கு அழும், ஒன்று நனைத்திருக்கும், ஒன்று அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும். நீங்களும் ஒரு ஆயாவுமாக முதல் வருஷம் எட்டுப் பிள்ளை போதும்.

கீழ்த்தளம் என்பது நல்லது. தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு, சிறிய கழிப்பறை, பிள்ளை கைக்கு எட்டாத சமையல் மேடை மூன்றையும் முதலில் செய்துவிடுங்கள். அனுமதிகளை நகராட்சி, சமூக நலத்துறை, தீயணைப்புத்துறை மூன்று இடத்திலும் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் வாரம் அழுகைதான், பயந்துவிட வேண்டாம். ஒருமுறை பதினாலு மாதக் குழந்தை ஒன்று வந்தது. தாய்க்கு மில்லில் கோன் வைண்டிங், அதாவது நூலைக் கூம்பில் சுற்றும் வேலை. இரண்டு நாள் பிள்ளை சாப்பிடவில்லை, ஊட்டிய பருப்புச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே அழுதது, தூங்கவும் இல்லை. மூன்றாம் நாள் ஆயா அந்தப் பெண்ணிடம், “நேத்து கட்டுன சேலையக் குடுத்துட்டுப் போம்மா, துவைக்காம குடு” என்றார். அதில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. உதறிவிட்டு அதிலேயே தூளி கட்டினார். பிள்ளை சேலையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு முகர்ந்தது. பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

எங்கள் நிறுவனத்தில் 62 பேர் வேலை பார்க்கிறோம். பெண்கள் 20 பேர்தான். காப்பகம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
— வாசகி, சிவகாசி

உண்டு. 2017இல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பக வசதி வேண்டும் என்று சேர்த்தார்கள். பிறகு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50தான். இந்தக் கணக்கில் ஆண்களும் சேர்த்திதான். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். பழைய தொழிற்சாலைச் சட்டம், அதாவது 1948ஆம் வருஷத்தது, 30 பெண்களுக்கு மேல் இருந்தால்தான் காப்பகம் என்றது. அதை இன்னும் காட்டி மறுக்கிற இடங்கள் இருக்கின்றன. இருபது பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேளுங்கள்.

மூன்று வயது மகனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். மாலையில் என்னைக் கண்டதும் ஓவென்று அழுகிறான். “பெத்த பிள்ளைய கூலிக்கு விட்டுட்டுப் போறா” என்று மாமியார் சொல்லிக்காட்டுகிறார். அங்கே கொடுமைப்படுத்துகிறார்களோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.
— வாசகி, அருப்புக்கோட்டை

மாலையில் அழுவதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததை எல்லாம் நம்பிக்கையான ஆள் வந்ததும் கொட்டும் வயசு அது. என் காப்பகத்தில் பகல் முழுக்கச் சிரித்து விளையாடும் பிள்ளைகளும் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் உதட்டைப் பிதுக்கும்.

ஆனால் உங்கள் பயத்தையும் சும்மா விடக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கும், இன்னொரு நாள் இரண்டு மணிக்கும் போய் நில்லுங்கள். வாசலிலேயே நிறுத்தி வைத்தால் அந்த இடம் வேண்டாம். உள்ளே விட்டால் ஆயா பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, “ஏய்” என்கிறாரா என்று கவனியுங்கள். தூங்குகிற பிள்ளைகளின் பாய் காய்ந்திருக்கிறதா பாருங்கள். உங்கள் மகன் காலையில் அழுதாலும், விட்ட பிறகு ஆயாவின் கையைத் தேடிப் பிடிக்கிறானா? அப்படியென்றால் அவனுக்கு அங்கே ஒரு பிடிமானம் இருக்கிறது. ஆயாவைக் கண்டதும் ஒடுங்கிப் போனாலோ, விட்டுப்போன பழக்கமாகப் படுக்கையை நனைப்பதோ திக்குவதோ திரும்ப வந்தாலோ யோசிக்காமல் இடத்தை மாற்றுங்கள்.

மாமியார் வாழ்ந்த காலத்தில் வீட்டைச் சுற்றி அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று பத்துக் கைகள் இருந்திருக்கும். ஒருத்தி மட்டுமே பிள்ளை வளர்த்த காலம் என்று எதுவும் இல்லை. அந்தக் கைகளைத்தான் இப்போது காசு கொடுத்துத் தேடுகிறோம். அவரையும் ஒரு நாள் காப்பகத்துக்குக் கூட்டிப் போங்கள். கதை சொல்ல உட்காரச் சொல்லுங்கள். எங்கள் காப்பகத்தில் சண்டை போட வந்த பாட்டி ஒருவர் மூன்று வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் வந்து கதை சொல்கிறார்.

அங்கன்வாடியில் சேர்க்கலாமா, பணம் கட்டி மழலையர் பள்ளியில் சேர்க்கலாமா?
— வாசகர், வாசுதேவநல்லூர்

பக்கத்து அங்கன்வாடி நன்றாக நடக்கிறதென்றால் அங்கேயே சேருங்கள். முட்டை, கலவைச் சாதம், சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி நினைவூட்டல் இத்தனையும் ஒரே கூரைக்குக் கீழே தரும் தனியார் பள்ளியை நான் பார்த்ததில்லை. குழந்தைக் கல்வி நிபுணர் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் தந்த அறிக்கைதான் இதற்கு விதை. 1975 அக்டோபர் 2இல், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. எழுத்து எழுதச் சொல்லித் தருவதில்லை என்பது குறையே அல்ல. மூன்று வயது விரல் பென்சில் பிடிக்க வேண்டியதில்லை, மண்ணைப் பிசையட்டும்.

குறை நேரத்தில்தான் இருக்கிறது. அங்கன்வாடி மாலைக்கு முன்பே மூடிவிடும், தாயின் ஷிப்ட் முடியாது. எங்கள் காப்பகத்தில் பாதிப் பிள்ளைகள் அங்கன்வாடி முடிந்து வருபவர்கள்தான்.

மழை நாளில் பிள்ளைகளுக்கு டிவி போடலாமா?
— வாசகி, ஆலங்குளம்

வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் வீட்டிலேயே தீர்ந்திருக்கும். பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் வைத்திருங்கள். சின்னஞ்சிறுசுகள் கொட்டையை வாயில் போட்டுவிடும், அவர்களைத் தள்ளி உட்கார வையுங்கள்.

தெரு இளைஞர்கள் சேர்ந்து மாலையில் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி நடத்துகிறோம். முப்பது பையன்கள் வருகிறார்கள். பெண் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தும் பலன் இல்லை. நேரம் போகப் போகப் பையன்களும் சோர்ந்துவிடுகிறார்கள்.
— வாசகர், கோவில்பட்டி

ஹாக்கிக்குப் பேர் போன ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி தம்பி. நீங்கள் எடுத்திருக்கும் வயசுதான் எல்லாரும் கைவிட்ட வயசு. காப்பகத்துக்குப் பெரியவர்கள், வீட்டில் தனியே விடச் சிறியவர்கள். பள்ளி விட்டதிலிருந்து அம்மா வீடு திரும்பும்வரை இந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. அம்மாவுக்கு அரை நைட் ஷிப்ட் என்றால் நடுச்சாமம் வரை கேட்க ஆளில்லை.

சோர்வுக்கு முதல் காரணம் பசி. சின்ன வகுப்புகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2022இல் மதுரையில் தொடங்கிவிட்டது. மதியத்துக்கு 1982 முதல் சத்துணவு இருக்கிறது. மாலைப் பசிக்குத்தான் திட்டம் இல்லை. நாங்கள் தினமும் ஒரு படி சுண்டல் அவிக்கிறோம். உங்கள் ஊர்க் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது! கடைக்காரர் ஒருவரிடம் கேளுங்கள், உடைந்த துண்டுகளைக் கொடுத்தாலே போதும். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் கழித்து ஓடவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கூடத்திலும் முதல் இரண்டு வருஷம் ஒருத்தியும் வரவில்லை. நோட்டீஸை நிறுத்திவிட்டு ஐந்து வீடுகளுக்கு நேரில் போய் உட்கார்ந்தேன். விளையாடப் பிடிக்காது என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. ஒருத்திக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி எங்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றாள். அதுவரை எனக்கே அது கண்ணில் படவில்லை. ஒருத்தியின் அப்பாவுக்கு, மகள் இருட்டுவதற்குள் வீடு வர வேண்டும். இன்னொருத்தி, “மைதானத்துக்கு நடுவுல எல்லாம் அவனுங்கதான் டீச்சர், நாங்க ஓரத்துல நிக்கணுமா?” என்றாள்.

அன்றே தாழ்ப்பாள் போட்டோம். தம்பி தங்கைகளையும் கூட்டி வரலாம் என்று சொல்லி ஆலமரத்தடியில் பாய் விரித்தோம். செவ்வாய், வியாழன், சனி மைதானம் முழுக்கப் பெண் பிள்ளைகளுக்கு. பையன்கள் முணுமுணுத்தார்கள், ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஐந்தே முக்காலுக்கு விசில், ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்துதான் கிளம்ப வேண்டும். மில்லில் ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் பூக்கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். விளையாட்டு அவருக்குத் தெரியாது. அவர் இருக்கிறார் என்பதற்காகவே வீடுகளில் அனுப்பினார்கள். 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோதும் இதைப் பார்த்தேன். பாடம் எடுத்தவர் அதே தெரு அக்கா என்பதால் பெண் பிள்ளைகள் தயங்காமல் வந்தார்கள். உங்கள் குழுவில் அக்கா ஒருவராவது இருக்கிறாரா?

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். முதல் நாள் வந்த பதிமூன்று வயசுப் பிள்ளை சுடிதார்த் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு கோ-கோவில் ஓடினாள். தூணைப் பிடித்து ஒரு சுழற்று சுழன்று திரும்பியபோது பூக்கட்டிய அம்மா நாரைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

கோடையில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட அரங்குகளில் பயிற்சி முகாம் நடத்தும். பாட்டு, ஓவியம் பிடித்த பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. இரண்டையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்துக்கு வரும் சிறுமி ஒருத்தி, உறவினர் ஒருவர் தவறாக நடப்பதாகச் சொன்னாள். வீட்டாரிடம் பேசிப் பார்க்கலாமா?
— ஊரும் பெயரும் வேண்டாம்

இன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், அல்லது காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த எவரும் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். வீட்டாரிடம் முதலில் பேசினால் பிள்ளையின் வாயை அடைத்துவிடக்கூடும். அவளைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். “நீ சொன்னதை நம்புறேன், உன் மேல தப்பு இல்ல” என்று மட்டும் சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளைத் தேதியோடு அப்படியே எழுதி வையுங்கள்.

இத்தனை வருஷத்தில் நீங்கள் செய்த பெரிய தவறு எது?
— வாசகர், திருவேங்கடம்

ஒரு மே மாதம். கோடை முகாமில் நாற்பது பிள்ளைகள், நாங்கள் மூன்று பேர். சாப்பாட்டு நேரத்தில் தலை எண்ணவில்லை. தட்டுகளை எண்ணினேன், எல்லாம் காலியாகிவிட்டது, பிள்ளைகளும் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். மூன்று மணிக்கு ஒரு தாய் வந்து கேட்டபோதுதான் பதினொரு வயசுப் பையன் இல்லை என்று தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காணவில்லை என்றால் மனசு முதலில் கண்மாய்க்குத்தான் ஓடும். நானும் ஓடினேன். கரையில் அவன் சட்டை மட்டும் கிடந்தது. அவன் மடைக்கு அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. சட்டையை எடுத்து உதறி அவனுக்குப் போட்டுவிட்டார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று முதல் வாசலில் ஒரு ஆள், ஒரு நோட்டு. வரும் நேரம், போகும் நேரம், கூட்டிப் போகிறவர் கையெழுத்து. மணிக்கு ஒருமுறை தலை எண்ணுகிறோம், பேர் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து. அடுத்த வருஷத்திலிருந்து பத்து வயது நிரம்பிய எல்லாருக்கும், பெற்றோரில் ஒருவர் கரையில் நிற்க, காலை ஆறு மணிக்கு நீச்சல் பழக்குகிறோம். முதலில் சேர்ந்தது அந்தப் பையன்தான்.