வலி கிரிப்பின் வடிவத்திலா, அது நிற்கும் இடத்திலா?

கேள்வி: ஐயா, பத்து மாதமாக 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறேன். வலது கைக்காரன். 60 ஷாட் தொடரில் பாதியைத் தாண்டியதும் வலது மணிக்கட்டு வலிக்கிறது, சுண்டுவிரல் மரத்துப் போகிறது. ரைபிளோடு வந்த சாய்வான கிரிப், அதாவது கைப்பிடிதான் காரணம் என்கிறார் விற்பனையாளர். கை வடிவத்துக்குச் செதுக்கிய, நெட்டாக நிற்கும் அனாட்டமிக் கிரிப் ஒன்றையோ, கட்டைவிரல் நுழையும் துளை வைத்த ஸ்டாக்கையோ (துப்பாக்கியின் கட்டை) வாங்கச் சொல்கிறார். அதுவரை சமாளிக்க ரப்பர் டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறார். நீண்ட நேரம் சுட எந்த வகை கிரிப் கைக்குச் சுகமாக இருக்கும்?

பதில்: முதலில் அந்த ரப்பர் டேப்பை உரித்துப் போடுங்கள். பன்னாட்டுப் போட்டி விதிப்படி ஏர் ரைபிளின் கிரிப்பில் பிடிமானத்தைக் கூட்டும் பொருள் எதையும் ஒட்டவோ சுற்றவோ கூடாது. கட்டைவிரல் துளையும் அந்தப் பிரிவில் தடை செய்யப்பட்டதுதான். ஆக, அவர் சொன்ன மூன்றில் இரண்டு உங்களைக் கருவிச் சோதனை மேசையிலேயே நிறுத்திவிடும். ஏர் ரைபிள் போட்டிக்குப் பழகும் ஒருவரிடம் துளை வைத்த ஸ்டாக்கை விற்க முயல்பவருக்கு ஒன்று விதி தெரியவில்லை, இல்லை தெரிந்தும் சொல்லவில்லை. இரண்டில் எதுவானாலும் அவரிடம் கை அளவு கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் வலிக்கு வருகிறேன்.

ஏர் ரைபிள் சாமான்களோடு சேர்த்து 5.5 கிலோ வரை இருக்கலாம். நின்று சுடும்போது அந்தப் பாரத்தை வலது கை சுமப்பதில்லை. இடது கையின் மேல் ரைபிள் உட்கார்ந்திருக்கிறது, இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றியிருக்கிறது, பாரம் எலும்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது. வலது கைக்கு இருக்கும் வேலை இரண்டே: பட் பிளேட் (ஸ்டாக்கின் பின்நுனித் தகடு) தோளோடு ஒட்டியிருக்கும்படி மெல்லப் பின்னுக்கு அணைத்துக்கொள்வது, டிரிகரை இழுப்பது. இந்த இரண்டுக்கும் வலி வரவே கூடாது. வருகிறதென்றால் அந்தக் கை தன் வேலையல்லாத ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது ரைபிளைத் தூக்கிப் பிடிக்கிறது, இல்லையென்றால் மணிக்கட்டு கோணலாக நிற்கிறது.

கோணல் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு தடியைச் சும்மா பிடித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு எந்தப் பக்கமும் மடங்காமல் இருக்கும்போது தடியும் முன்கையும் ஏறக்குறைய ஒரு செங்கோணத்தில், அதைவிடச் சற்று விரிந்து நிற்கும். அந்த நிலைதான் நரம்புக்கும் தசைநாணுக்கும் சுகம். இப்போது ரைபிளுக்கு வாருங்கள். வலது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்துச் சுடுபவருக்கு, அடிப்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்த கிரிப் பொருந்தும். முழங்கையைத் தொங்கவிட்டு உடம்போடு ஒட்டி வைப்பவருக்கு நெட்டாக நிற்கும் கிரிப் பொருந்தும். முழங்கையைக் கீழே விட்டுக்கொண்டு சாய்ந்த கிரிப்பைப் பிடித்தால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்கியே கிடக்கும். முழங்கையைத் தூக்கிக்கொண்டு நெட்டான கிரிப்பைப் பிடித்தால் கட்டைவிரல் பக்கம் மடங்கும். எந்தக் கிரிப் உயர்ந்தது என்ற கேள்விக்கு இதனால்தான் தனியாகப் பதில் கிடையாது. உங்கள் முழங்கை எங்கே நிற்கிறது என்று சொன்னால்தான் கிரிப்பைப் பற்றிப் பேச முடியும். கடையில் நின்றபடி, நீங்கள் சுடுவதைப் பார்க்காமலே ஒருவர் கிரிப் சிபாரிசு செய்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்கில் கை பிடிக்கும் கழுத்துப் பகுதி வளையாத நேர்க்கட்டை, இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிக்கு வாகானது. இரண்டு டிரிகர்களுக்கு நடுவே கை வழுக்கி நகர அது இடம் கொடுக்கும். மெதுவாக வளைந்த அரை கிரிப்பை வேட்டை ரைபிள்களில் பார்க்கலாம். சட்டென்று தோளுக்கு ஏற்றிச் சுடுவதற்கு அது நல்லது, ஒரு மணி நேரம் பிடித்து நிற்பதற்கு அல்ல. ராணுவ வகை ரைபிள்களில் கிரிப் தனித் துண்டாகத் தொங்குவதற்குக் காரணம் வேறு. சுடும்போது குழல் எகிறுவதைக் குறைக்கக் குழலையும் தோளையும் ஒரே கோட்டில் வைத்தார்கள். அப்போது ஸ்டாக்கின் கழுத்து கீழே வளைய இடமில்லாமல் போனது. கைக்குத் தனியாக ஒரு பிடி தேவைப்பட்டது. அந்த வரிசையில் எம்16ஏ2 ரைபிளின் கிரிப்பில் நடுவிரலுக்குக் கீழே ஒரு மேடு இருக்கும். அது சிலருடைய விரல் இடுக்கில் கச்சிதமாக உட்காரும், மற்றவர்களுக்கு விரல் எலும்பிலேயே இடிக்கும். விரல் பள்ளம் செதுக்கிய எந்தக் கிரிப்புக்கும் இதே சிக்கல் உண்டு. செதுக்கியவர் மனதில் வைத்த கை உங்கள் கையாக இருந்தால் சொர்க்கம், இல்லாவிட்டால் பள்ளமே இல்லாத வழவழப்பான கிரிப் எவ்வளவோ மேல்.

உங்கள் பிரிவில் கிடைப்பவை பெரும்பாலும் நெட்டான, உள்ளங்கைக் குழியை நிரப்பும் மேடு வைத்த மரக் கிரிப்புகள். வடிவம் கைக்கு ஏற்றபடி இருப்பதை விதி அனுமதிக்கிறது. கை சறுக்காமல் இருக்க முன்பக்கமோ பக்கவாட்டிலோ துருத்திக்கொண்டு நிற்கும் திட்டை அனுமதிப்பதில்லை. பிஸ்டல் போட்டிக்காரர்கள் வைத்திருப்பதைப் பார்த்து அதுபோல ஒட்டிக்கொள்ளாதீர்கள், அவர்கள் விதி வேறு.

சுண்டுவிரல் மரத்துப்போவதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு முழங்கையின் உள்பக்க எலும்பை ஒட்டி வந்து, உள்ளங்கையின் அடிமேடு வழியாக விரலுக்குப் போகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீர் என்று ஓடுமே, அதே நரம்புதான். அது இரண்டு இடங்களில் நசுங்கலாம். கிரிப்பின் அடிவிளிம்பு உள்ளங்கை மேட்டில் அழுத்தினால் அங்கே நசுங்கும். ஸ்டாக் நீளம் குறைவாக இருந்து முழங்கையை வெகுவாக மடித்துக்கொண்டே நின்றால் முழங்கையில் இழுபடும். இரண்டாவதுதான் காரணம் என்றால் உலகத்திலேயே விலை உயர்ந்த கிரிப்பை மாட்டினாலும் மரத்துப்போவது நிற்காது. பட் பிளேட்டைப் பின்னுக்குத் தள்ளி ஸ்டாக் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். ஒரு சாவியைத் திருப்பினால் முடிகிற வேலை, பைசா செலவில்லை. விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகும் மரமரப்பு நீடித்தால், கையில் பிடித்த பொருள் நழுவினால், நரம்பு மருத்துவரைப் பாருங்கள். அது என் வேலைக்கு அப்பாற்பட்டது.

அடுத்தது டிரிகர் வரையிலான தூரம். ஆள்காட்டி விரலின் நுனிச்சதை, முதல் மடிப்புக்கு முன்னால், டிரிகரின் மேல் நேராக உட்கார வேண்டும். விரலின் மற்றப் பகுதி கட்டையைத் தொடக் கூடாது. டிரிகர் தூரமாக இருந்தால் கை முழுவதும் முன்னே எட்டிப் போகும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். கிட்டே இருந்தால் விரல் மடிந்து கொக்கியாகி, இழுக்கும்போது குழல் பக்கவாட்டில் நகரும். இலக்கின் நடுவிலுள்ள 10 வளையம் என்பது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி என்பதை மறக்காதீர்கள். இன்றைய ஏர் ரைபிள்களில் டிரிகர் தகடு முன்னும் பின்னும் நகரும். பலவற்றில் கிரிப்பையும் திருப்பலாம், சாய்க்கலாம், ஏற்றி இறக்கலாம். உங்கள் ரைபிளில் இந்தத் திருகுகளை யாராவது ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தார்களா? தொட்டிருக்கமாட்டார்கள் என்று பந்தயமே கட்டுவேன். பத்து மாதம் பயிற்சி கொடுத்தவர்கள் புள்ளிகளை எண்ணியிருப்பார்கள், கையை ஒரு நாளும் அளந்திருக்கமாட்டார்கள். பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே ஒரே ரைபிளை இருபது பேர் மாற்றி மாற்றிச் சுடும் கிளப்புகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். அதில் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் இருக்கும், ஆறடி ஆளும் இருப்பார்.

இப்போது ஒரு சோதனை. ரைபிளில் பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள், குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகுங்கள், குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும். நிலை எடுத்துக் கண்ணை மூடுங்கள். வலது கையை எடுத்து உதறிவிட்டு மீண்டும் கிரிப்பில் வையுங்கள். ஐந்து தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் கை அதே இடத்தில் போய் உட்கார்ந்தால் வடிவம் உங்களுக்குப் பொருந்துகிறது. தேடித் தடவி உட்கார்ந்தால் பொருந்தவில்லை. இன்னொன்று: கையை இறுக்கமாக முஷ்டியாக்கி ஆள்காட்டி விரலை மட்டும் ஆட்டிப் பாருங்கள், கட்டை மாதிரி இருக்கும். முஷ்டியைத் தளர்த்தினால் விரல் தாராளமாக ஆடும். டிரிகரை இழுக்கத் தேவைப்படும் எடையை 100 கிராம் சுற்றுவட்டத்தில் வைத்துக்கொண்டு கிரிப்பை நசுக்கிப் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் சும்மா தொட்டிருந்தால் போதும்.

திருகுகளையெல்லாம் திருப்பிப் பார்த்தும் பொருந்தவில்லை என்றால்தான் மரத்தில் கை வைக்க வேண்டும். அப்போதும் முதலில் சேர்க்க வேண்டும், பிறகே குறைக்க வேண்டும். இரண்டு பாகம் கலந்து பிசையும் புட்டியை இடைவெளி தெரிகிற இடத்தில் மெல்லியதாக அப்பி, பாலித்தீன் தாளைப் போர்த்தி, நிலை எடுத்து அழுத்துங்கள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். ஒரு வாரம் சுட்டுப் பாருங்கள். சரியில்லை என்றால் புட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். சீவி எறிந்த மரம் திரும்பி வராது. கிரிப்பைப் பொருத்தும் போல்ட்டை வெறிகொண்டு முறுக்கி மரத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வருபவர்கள் அநேகம். கை உறுதியாக நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

ஒரு விலக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் வலது கைக்காரர், ஆனால் இதைப் படிப்பவர்களில் இடது கைக்காரர்கள் இருப்பார்கள். நான் மேலே சொன்ன எதுவும், வலது கைக்குச் செதுக்கிய கிரிப்பை இடது கையில் பிடித்தால் செல்லாது. கிரிப்பில் உள்ளங்கைக்கு வைத்த மேடு விரல் முட்டிகளின் பக்கம் வந்துவிடும், கன்னம் பதியும் பலகையும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். கோணத்தை எவ்வளவு திருப்பினாலும் இது சரியாகாது. ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். இடது கைக்காரி, இடது கண்தான் அவளுக்கு ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்க மூளை முதலில் நம்பும் கண். அவள் பழகிய இடத்தில் இடது கை ரைபிள் இல்லை. வாங்கித் தருவதற்குப் பதிலாக, "வலது கையில் பழகிக்கொள், எல்லாரும் அப்படித்தான்" என்று இரண்டு வருடம் ஓட்டினார்கள். வலது கண்ணால் குறி பார்க்க வைத்தார்கள். கழுத்து வலியோடு வந்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சமச்சீர் ஸ்டாக் ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தோம், வலி போய்விட்டது. இப்படிப்பட்ட ஸ்டாக்குகள் இருக்கின்றன, சில ரைபிள்களில் இடது கைக் கிரிப்பை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். கிளப்பில் இருபது வலது கை ரைபிள்களுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கு ஓர் இடது கைக் கிரிப்புக்கு ஒதுக்க மனம் வருவதில்லை. பிள்ளையின் கண்ணையும் கையையும் மாற்றச் சொல்வது அவர்களுக்குச் சுலபமாகத் தெரிகிறது. பெற்றோர்களே, ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று முதல் நாளே பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மற்றபடி உங்கள் வரிசை இது: ஸ்டாக் நீளம், முழங்கை, கிரிப்பின் கோணம், டிரிகர் தூரம், கடைசியில் புட்டி. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றுவதற்கு முன் பென்சிலால் அடையாளம் வைத்து நோட்டில் எழுதுங்கள். தகுதிச் சுற்று, மின்னணு இலக்கில் 75 நிமிடம். அதனால் ஐந்து ஷாட் சுட்டுவிட்டு "சுகமாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். முழு 60-ம் சுட்டு, நாற்பதாவது ஷாட்டில் கை என்ன சொல்கிறது என்று பாருங்கள். இத்தனைக்கும் பிறகு புதிய கிரிப் தேவை என்று தெரிந்தால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவையிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனிச்சதை வரை அளந்துகொண்டு போங்கள். அந்த அளவைக் கேட்காமலே "உங்களுக்கு நடுத்தர அளவு சரியாக இருக்கும்" என்று டப்பாவை எடுத்து நீட்டுகிற கடையில் வாங்காதீர்கள்.